முல்கியாவைத் திருப்பிப் பாருங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கணவர் 16 வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவருக்கு 11 வயது, இன்னொருவருக்கு 5. கார் வாங்க 14 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியும் ஒன்றும் அமையவில்லை. எந்த வண்டியைக் காட்டினாலும் கணவர் கதவை விரலால் சுண்டிப் பார்க்கிறார். "எண்ணெய் டின் மாதிரி இருக்கு. அங்கே நான் ஓட்டினது இரும்பு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறாராம்.

ஷார்ஜாவில் நண்பர் வீட்டில் நிற்கும் தன் பழைய காரைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் யோசனை. வாசகியின் அண்ணன் வேறு வழி காட்டுகிறார்: சென்னையில் தெரிந்த புரோக்கரிடம் 2016 மாடல் ஜெர்மன் கார் ஒன்று 13 லட்சத்துக்கு நிற்கிறது, "ஜெர்மன்காரன் கட்டினது, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." வாசகிக்குத் தனியாக ஒரு சந்தேகம்: நல்ல வண்டிகளையெல்லாம் ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்களா? கடைசி வரியில் மாமியார் கட்சி: எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், கறுப்பு மட்டும் வேண்டாம்.

அன்புச் சகோதரிக்கு,

நான் 19 வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் ஆலையின் பாடி ஷாப்பில், அதாவது தகடுகளை வெல்டு செய்து காரின் உடலைக் கட்டும் பகுதியில், தரக் கட்டுப்பாடு பார்த்தவன். இப்போது பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்லும் வேலை. உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எனக்குப் புதிதில்லை. வாரத்துக்கு ஒன்றாவது வரும். உங்கள் கணவர் சொல்வதிலும் நீங்கள் சந்தேகப்படுவதிலும் பாதி உண்மை இருக்கிறது. அண்ணன் சொல்வதில் அந்த அளவுக்குக்கூட இல்லை.

கார்த் தரம் பற்றிப் பேசும்போது "எந்த நாட்டில் செய்தது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். "எந்த நாட்டில் விற்பதற்காகச் செய்தது?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விரலால் சுண்டிப் பார்ப்பது

முதலில் அந்தச் சுண்டு சோதனையை முடித்துவிடுவோம். கதவின் வெளித் தகடு இந்தியக் காரானாலும் ஜப்பான் காரானாலும் ஐரோப்பியக் காரானாலும் முக்கால் மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். உங்கள் கணவரின் விரலுக்குக் கேட்பது தகட்டின் கனம் இல்லை. தகட்டின் உட்பக்கம் அதிர்வை அடக்க ஒட்டியிருக்கும் ரப்பர் மாதிரியான பட்டையைத்தான் அவர் கேட்கிறார். அது பெரிதாக இருந்தால் "தொப்" என்று கேட்கும், சிறிதாக இருந்தால் "டங்" என்று கேட்கும். கதவை மூடும்போது வரும் கனமான சத்தத்துக்கும் இந்தப் பட்டை, கதவு ரப்பர், பூட்டு எல்லாம் சேர்ந்துதான் காரணம். அந்தச் சத்தத்தை மெருகேற்றவே தனியாக ஆள் போட்டு வேலை செய்கிறார்கள்.

விலை குறைக்க வேண்டும் என்றால் முதலில் கத்தரி விழுவது இந்த மாதிரி இடங்களில்தான். ஆகவே நம் ஊர் வண்டிகள் சிலவற்றில் சத்தம் மட்டமாக இருக்கும், பிளாஸ்டிக் கரடுமுரடாக இருக்கும், பானெட்டுக்குள் பெயின்ட் மெலிதாக இருக்கும். இதில் உங்கள் கணவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் மோதும்போது உயிரைக் காப்பது வெளித் தகடு இல்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த கூடுதான் காக்கும். அந்தக் கூட்டின் எஃகு எந்த வகை, அதன் தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும் ஸ்பாட் வெல்டிங் ஒழுங்கா என்பதுதான் கேள்வி. ஒரு கார் பாடியில் நாலாயிரம் புள்ளிகள் வாக்கில் வெல்டு இருக்கும். குறிப்பிட்ட கணக்குப்படி லைனிலிருந்து ஒரு பாடியை இறக்கி, உளியும் சுத்தியலும் வைத்து நாங்கள் அதைப் பிளப்போம். நல்ல வெல்டு என்றால் தகடு கிழியும், புள்ளி விடாது. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம் மறுபக்கத் தகட்டோடு வந்துவிடும். இரண்டு தகடும் சுத்தமாகப் பிரிந்து வந்தால் அன்றைக்கு ஷிப்டில் யாரும் டீ குடிக்கப் போகமாட்டார்கள். இதை ஷோரூமில் நின்று விரலால் கண்டுபிடிக்க முடியாது.

எங்கே செய்தது, யாருக்காகச் செய்தது

உங்கள் ஏற்றுமதிச் சந்தேகத்துக்கு வருகிறேன். நல்லதைப் பொறுக்கி ஏற்றுமதிக்கும், கழிசலை உள்ளூருக்கும் பிரித்து வைக்கும் குடோன் எதுவும் கிடையாது. ஒரே லைனில் முன்னால் போவது வளைகுடாவுக்கான இடதுபக்க ஸ்டீரிங் வண்டி, அதற்கு அடுத்தது மதுரைக்கு, அதற்கடுத்தது ஆப்பிரிக்காவுக்கு என்றுதான் வரிசை போகும். ஒவ்வொரு வண்டியோடும் ஒரு தாள் போகும். இந்த வண்டிக்கு எத்தனை ஏர்பேக், எந்த ரேடியேட்டர், எந்த சீட் பெல்ட் என்று அதில் இருப்பதைத் தொழிலாளி பூட்டுவார், அவ்வளவுதான். பூட்டுகிற கையும் வெல்டிங் ரோபோவும் ஒன்றே.

வித்தியாசம் வருவது அந்தத் தாளில். இங்கேதான் உங்கள் சந்தேகம் பாதி சரியாகிறது.

மாருதி சுஸுகி பலேனோவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய வண்டி 2016-ல் யூரோ என்கேப் என்னும் ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்துக்கு 3 நட்சத்திரம் வாங்கியது. கூடுதல் பாதுகாப்புச் சாதனங்கள் பொருத்தியதற்கு 4. அதே பலேனோ, அதே இந்தியத் தயாரிப்பு, இரண்டே ஏர்பேக்கோடு தென்னமெரிக்கச் சந்தைக்குப் போனது. 2021-ல் அந்தப் பக்கத்துச் சோதனை அமைப்பான லத்தீன் என்கேப் அதைச் சோதித்துப் பூஜ்யம் கொடுத்தது. இரண்டு சோதனைகளின் விதிகளும் ஆண்டும் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பிறந்த மண் ஒன்றுதான், மாறியது தாள்தான்.

தலைகீழ்க் கதையும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த ரெனோ க்விட், 2016-ல் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்யம் வாங்கியது. பாடிக் கூடே நிலையாக இல்லை என்றார்கள். பிரேசிலில் அதே பெயரில் விற்ற க்விட்டுக்குக் கூட்டைப் பலப்படுத்தி நான்கு ஏர்பேக் வைத்தார்கள். 2017-ல் அதற்கு 3 நட்சத்திரம். பிரேசில் தொழிலாளி நம் ஆளைவிடக் கெட்டிக்காரர் என்றா அர்த்தம்? இங்கே சட்டம் கேட்கவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை. மைலேஜ் என்ன, விலை என்ன என்று மட்டும் கேட்டோம்.

அப்புறம் நிலைமை மாறியது. மோதல் சோதனை 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இந்தியாவில் கட்டாயம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் இந்தியக் கார்களில் முதல் 5 நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்த நட்சத்திர மதிப்பீடான பாரத் என்கேப் தொடங்கியது. 2014 நவம்பரில் பூஜ்யம் வாங்கிய ஸ்விஃப்ட்டைச் செய்த அதே மாருதியின் டிசையர், 2024 நவம்பரில் குளோபல் என்கேப்பில் 5 வாங்கியது. நாடும் கம்பெனியும் மாறவில்லை.

ஜப்பான், ஜெர்மனி என்னும் முத்திரை

உங்கள் அண்ணனுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வந்தவர்கள் குடித்துவிட்டு வேலை பார்த்த கதைகளும், ஓட்டும்போது கடகடக்கட்டும் என்று கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிய கதைகளும் ஏராளம். 1982-ல் ஆலையை இழுத்து மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதையே திறந்தபோது, தொழிற்சங்க ஒப்பந்தப்படி பெரும்பாலும் அதே பழைய ஆட்களைத்தான் திரும்ப எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சம் பேராக ஜப்பானில் டகவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைனில் தப்பு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உதவிக்கு ஆள் ஓடிவருவார், தேவைப்பட்டால் லைன் நிற்கும். முன்பு அந்த ஆலையில் லைன் நிற்பது மகா பாவம். இரண்டே வருடத்தில் ஜப்பான் ஆலைக்கு ஈடான தரத்தில் கார் வெளியே வந்தது. ஊரும் அதே, ஆட்களும் கிட்டத்தட்ட அதே. இன்று அந்த இடத்திலிருந்து டெஸ்லா கார்கள் வருகின்றன. எங்கள் ஆலையில் முதல் வாரப் பயிற்சியிலேயே எனக்கு இந்தக் கதையைச் சொன்னார்கள். அப்போது பாதித் தூக்கத்தில் கேட்டேன். கயிறு இழுப்பவனைத் திட்டும் சூப்பர்வைசர் ஒருவரின் கீழ் ஆறு மாதம் வேலை பார்த்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

முத்திரையும் எப்போதும் காப்பாற்றாது. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்ஸு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023 டிசம்பரில் வெளிவந்தது. 64 மாடல்கள், 174 முறைகேடுகள், மிகப் பழையது 1989-லிருந்து. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் டீசல் புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் வைத்தது 2015-ல் பிடிபட்டது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். டகாட்டா ஏர்பேக் விவகாரம் இன்னும் பெரிது. ஜப்பான் கம்பெனியான டகாட்டா செய்த இன்ஃப்ளேட்டர்கள், அதாவது ஏர்பேக்கை ஊதவைக்கும் கருவிகள், வெயிலிலும் ஈரக் காற்றிலும் பல வருடம் கிடந்தால் உள்ளிருக்கும் வெடிமருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் அடித்தன. ஜப்பான், ஜெர்மன், அமெரிக்க பிராண்டுகள் பலவற்றிலும் அது இருந்தது. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கம், ஜப்பான்காரர்களே இன்று இந்தியாவில் செய்த கார் வாங்குகிறார்கள். ராஜஸ்தானில் தயாராகும் ஹோண்டா எலிவேட் 2024 மார்ச்சிலிருந்து அங்கே வேறு பெயரில் விற்பனை. இங்கே தயாராகும் சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகப்படுத்தியபோது நாலைந்து நாளில் ஐம்பதாயிரம் பேர் வரை முன்பதிவு செய்ய, கம்பெனி பதிவையே நிறுத்தி வைத்தது.

உங்கள் கணவரிடம் ஒரு சின்ன வேலை சொல்லுங்கள். ஷார்ஜா காரின் முல்கியா, அதாவது அந்த ஊர் வண்டிப் பதிவு கார்டு, எங்காவது பர்ஸில் இருக்கும். அதன் பின்பக்கத்தில் தயாரித்த நாடு எது என்று ஒரு வரி உண்டு. அவர் என்ன மாடல் ஓட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்தும் ஒரகடத்தில் நிஸ்ஸான் கார்கள் தயாராகும் ஆலையிலிருந்தும் வளைகுடாவுக்குக் கார் போவது பல வருடத்துக் கதை. அந்த "இரும்பு" காரின் சொந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கே ஆசை. கார்டு கிடைக்காவிட்டால் நண்பரிடம் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா, டபிள்யூ என்றால் ஜெர்மனி, எம்ஏ முதல் எம்இ வரை என்றால் இந்தியா. உதிரியாக இறக்கி இங்கே பூட்டிய வண்டிகளுக்கு மட்டும் இந்த எழுத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கப்பல் காரும் புரோக்கர் காரும்

ஷார்ஜா காரைக் கொண்டுவரும் யோசனையை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். பழைய காரை இந்தியாவுக்கு இறக்க அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, வலதுபக்க ஸ்டீரிங்காக இருக்க வேண்டும். அங்கே ஓடுவது இடதுபக்க ஸ்டீரிங். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டாலும் சுங்க வரி மட்டுமே காரின் மதிப்பைத் தாண்டிவிடும்.

13 லட்சம் ஜெர்மன் கார் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை. ஜெர்மன்காரன் கட்டியது என்கிறார் அண்ணன். இந்தியாவில் விற்கும் பிஎம்டபிள்யூ கார்களில் பெரும்பாலானவற்றைப் பூட்டுவது செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா சிட்டியில், 2007-லிருந்து. மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனில், ஆடி ஔரங்காபாத்தில் (இப்போதைய பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்). கட்டியவர் நம் பக்கத்துப் பையனாகவே இருக்கலாம், அது ஒரு குறையும் இல்லை. குறை வயதில் இருக்கிறது. புதிதாக இருந்தபோது அரைக் கோடி விலை சொன்ன வண்டிக்கு, பழையதான பிறகும் உதிரிபாகம் அரைக் கோடி வண்டியின் விலைதான் சொல்லும். போன வருடம் ஒருவர் இப்படி 12 லட்சத்துக்கு வாங்கிய காரை என்னிடம் கொண்டுவந்தார். முன் சஸ்பென்ஷனும் கியர் பெட்டி வேலையும் சேர்த்துக் கேட்ட எஸ்டிமேட் மூன்றேகால் லட்சம்.

சென்னைப் பழைய கார் என்றால் இன்னொன்று கட்டாயம் பார்க்க வேண்டும்: வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முங்கிய கார்கள் பாலிஷ் போட்டுக்கொண்டு இன்னும் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டை முன்னால் தள்ளி, கீழே தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கனம் அளக்கும் கருவியோடு ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆலை பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வாக்கில் காட்டும். ஒரு கதவு மட்டும் 400 காட்டினால் அங்கே பட்டி பூசியிருக்கிறது, அதாவது அடி பட்டிருக்கிறது. இவ்வளவும் தேறினாலும் இந்த வண்டி வேண்டாம் என்பதே என் கருத்து. 13 லட்சம் கொடுத்த பிறகு கையில் மிஞ்சும் ஒரு லட்சம் ஒரு ரிப்பேருக்குக்கூடத் தாங்காது.

14 லட்சத்தில்

புதுக் கார்தான் எடுங்கள். கம்பெனி பெயர் சொல்லமாட்டேன்; ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் 5 நட்சத்திரக் கார்கள் இப்போது ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. பாரத் என்கேப் சோதனை முடிந்த காரின் ஸ்டிக்கரில் இருக்கும் கியூஆர் கோடைச் செல்போனில் திறந்தால் முழு அறிக்கை வரும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீடு நீங்கள், குழந்தைகள் மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் வேரியன்ட்டுக்கும் அந்த நட்சத்திரம் பொருந்துமா என்று கேளுங்கள். சின்னவருக்கு பூஸ்டர் சீட் வாங்க ஐந்தாறாயிரம் இப்போதே எடுத்து வையுங்கள். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படியும் உயரம் வரும்வரை அது வேண்டும். பெரியவருக்கும் அப்படிப் படிகிறதா என்று ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள்.

புத்தம் புது மாடல் என்றால் முதல் ஆறு மாதம் பொறுங்கள். எந்த நாட்டு ஆலையானாலும் லைன் பழகும்வரை சில்லறைக் கோளாறுகள் வரும், இது நான் அனுபவத்தில் கண்டது.

உங்களுடையது கடலோர ஊர். ஷோரூமில் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கூடுதல் கோட்டிங் என்று ஒன்றை விற்பார்கள். அடிக்கிற பையன் அவசரத்தில் கதவுக்கு அடியிலிருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டால், கோட்டிங்கே துருவை வளர்க்கும். அந்தப் பணத்துக்கு மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்பே டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, கதவு நான்கும் ஒரே அழுத்தத்தில் மூடுகிறதா என்று பாருங்கள். உங்கள் கணவர் ஆசைக்குச் சுண்டியும் பார்க்கட்டும். டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பதிவுக்கு முன்பு சுலபம். நம்பர் விழுந்துவிட்டால் டீலரின் பேச்சே மாறும்.

அப்படியும் வாங்கிய பிறகு தயாரிப்புக் கோளாறு தெரிந்தால், ஒவ்வொரு சர்வீஸ் ஜாப் கார்டின் நகலையும் புகாரை உங்கள் சொற்களிலேயே எழுதவைத்து வாங்கி வையுங்கள். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், புகார் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஒரே கோளாறு பல பேருக்கு இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தெரியாத தனிநபரிடமிருந்து புரோக்கர் மூலம் வாங்கும் பழைய காருக்கு இந்த பலம் பெரும்பாலும் கிடைக்காது. அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

நிறம் பற்றி மாமியார் சொல்வது முழுக்கச் சரி. சித்திரை வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர் போலிருக்கிறது. வெள்ளையோ வெளிர் சாம்பலோ எடுங்கள்.